மூடியின் நான்காவது ஓரம்

டமார் என்று ஒரு சத்தம். மரத்தை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கிளாம்ப் அலமாரியிலிருந்து நழுவி, பெட்டி மூடியின் மேலேயே விழுந்திருந்தது. மெரின் ஓடிவந்து பார்த்தாள். மூடியின் மூன்று ஓரங்களிலும் கறுப்பும் வெள்ளையுமாக வினீர் என்னும் மெல்லிய மரப் பட்டைகள் மின்னின. நான்காவது பட்டை சில்லுச் சில்லாகப் பெயர்ந்து கிடந்தது.

மணி பத்தே முக்கால். பன்னிரண்டுக்கு ஊர்க் கண்காட்சியில் பெட்டிப் போட்டிக்கான பதிவு முடிந்துவிடும். சிக்னெட் ஊரில் வீடு வீடாகத் தபால் போடும் மெரின், எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி ஹுவான் பைன் மரத்தில் செய்த முதல் பெட்டி அது.

அவளும் அதே ஊரில் பெட்டி செய்யும் டெஸ்ஸும் ஒரே கட்டையிலிருந்து சீவிப் பங்கிட்ட பட்டைகள் அவை. வேறு கட்டையில் சீவினால் கோடு ஒத்துவராது. டெஸ்ஸிடம் ஒன்று மிச்சமிருந்தது. ஆறு வருஷமாக முதல் பரிசை யாருக்கும் விடாத ஆள். போட்டியாளரிடம் கேட்கக் கூசினாலும், போன் போட்டுக் கேட்டுவிட்டாள்.

பட்டையோடு வந்து இறங்கியது டெஸ் இல்லை, அவர் மனைவி நொரீன். மெரினோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

வெட்டிக் கொடுத்துவிடு என்று மெரின் கெஞ்சியும் நொரீன் கைகளைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவில்லை. வாய் மட்டும் ஓயவில்லை. இஸ்திரிப் பெட்டியால் பழைய பசையை இளக்கிச் சுரண்டச் சொன்னாள். இரண்டு முனைகளையும் மூலைக்கு ஏற்றபடி சரிவாக வெட்டச் சொன்னாள்.

"மயிரிழை நீளமா விடுடி. நாய் தொரத்துற மாதிரி தபால் போடுவியே, அந்த அவசரம் இங்க ஆவாது."

மெரின் சூடான பசையைத் தடவி, முனைகளை முதலில் மூலைகளில் செருகினாள். நீளம் கூடியிருந்ததால் பட்டை நடுவில் வில்லாக வளைந்து நின்றது. முறிந்துவிடுமோ என்று பயந்துகொண்டே கட்டைவிரலால் அழுத்தினாள். 'டப்'பென்று பட்டை உள்ளே இறங்க, இரண்டு மூலைகளும் ஊசி நுழையாதபடி இறுகிக்கொண்டன. மெரினுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

நொரீன் காரை விரட்டினாள். மூன்று நிமிஷம் மிச்சமிருக்க, பதிவு மேசையில் மூச்சிரைக்கப் பெட்டியை வைத்தார்கள். படிவத்தில், 'முழுவதும் என் கையால் செய்தது' என்ற வரிக்குக் கீழே மெரின் கையெழுத்திட்டாள்.

ஒரு விரல்கூடப் படாமல் ஏன் அப்படி நின்றாய் என்று திரும்பிக் கேட்டாள்.

நொரீன் அந்த வரியையே பார்த்தபடி, தணிந்த குரலில் சொன்னாள்:

"ஆறு வருஷமா எங்க வீட்டுப் பொட்டிக்கு ஓரம் ஒட்டுறது நானு, இந்த வரிக்குக் கீழ கையெழுத்துப் போடுறது டெஸ்ஸு."