முன்னமே முடிஞ்ச கலியாணம்

தர்சினி மறுபடியும் படிகளில் ஓடியிறங்கி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாள். ஒரு நீலக் கார் இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தது. கலியாணப் பதிவாளராக இருக்கலாம் என்று பார்த்தால், பூங்கொத்தோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவி இறங்கினாள். தர்சினி லிஃப்டுக்குக் காத்து நிற்கப் பொறுமையில்லாமல் திரும்பவும் படியேறி ஓடினாள்.

அப்பா கண்ணை மூடியபடி கிடந்தார். காலையில் தெளிவாகப் பேசினார். அதை வைத்துத்தான் டொக்டர், இவர் பிழைக்கமாட்டார், ஆனால் கலியாணம் என்றால் என்னவென்று இவருக்கு விளங்குகிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு வலி கூடி, மோர்ஃபினும் கூடிவிட்டது.

"வந்திட்டினமே?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லை."

"வராட்டியும் பரவாயில்லை."

"அம்மா, ப்ளீஸ். திரும்பத் தொடங்காதேங்கோ."

அப்பா சிவானந்தனும் அம்மா தவநாயகியும் எழுபத்திரண்டாம் ஆண்டு லண்டனில், பிளேஸ்டோவில் கலியாணம் செய்தவர்கள். வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபம், பகலில் தபால் கந்தோரில் வேலைசெய்யும் ஒரு ஐயர், ஐம்பது பேருக்குச் சாப்பாடு. பதிவுக் கந்தோருக்குப் போகவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறகு ரெய்னர்ஸ் லேனில் வீடு, தர்சினி, இருபத்தொரு வருசம். போன கிழமை, அப்பாவுக்குப் பிறகு அம்மாவுக்கு வரவேண்டிய பென்சனுக்குப் பென்சன்காரர் கலியாணச் சான்றிதழ் கேட்டபோதுதான் விசயம் வெளியே வந்தது. அப்பாவின் சிநேகிதரான லோயர் பாலசுப்பிரமணியன் கட்டிலருகே இருந்து விளங்கப்படுத்தினார்.

"அக்கா, இருநூத்தைம்பது வருசத்துக்கு முந்தியெண்டால் இந்த நாட்டில ரெண்டுபேர் வாயால சொன்னாலே காணும், கலியாணம்தான். களவுக் கலியாணம் கூடிப்போச்செண்டு பிறகு சட்டம் போட்டு, சேர்ச்சிலதான் செய்யவேணும் எண்டாங்கள். அதுக்கும் பிறகுதான் பதிவுக் கந்தோர் வந்தது. உங்கட மண்டபம் ஒண்டிலயும் சேராது."

அப்பா அன்றைக்குச் சிரித்தார். "கொஞ்சம் பிந்தி வந்திட்டம், தவம்."

அம்மா சிரிக்கவில்லை. "கலியாணமாகாதவள் எண்டு என்னை எழுதுவினமோ? இவ்வளவு பெரிய பிள்ளையை வச்சுக்கொண்டு?"

அந்த ஒரு சொல்லுக்காக, கட்டிலடியில் புதிதாகக் கலியாணம் எழுத இரண்டு நாள் மறுத்தாள். பென்சன் போகட்டும், வேலைக்குப் போறன் என்றாள். கடைசியில் பாலசுப்பிரமணியன் பதிவாளரோடு பேசி, 'முன்னர் ஒரு திருமணச் சடங்கு செய்தவர்' என்று எழுத இடமிருக்கிறது என்று சொன்ன பிறகே அரைமனதாகத் தலையாட்டினாள்.

பதிவாளர் வந்தபோது மத்தியானமாகிவிட்டது. மெலிந்த, உயரமான மனிதர். பெரிய பதிவேட்டைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நேர்ஸ் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள். சாட்சிக்குப் பாலசுப்பிரமணியனும், ஷிப்ட் உடுப்போடேயே வந்திருந்த மாமா வாசுதேவனும் நின்றார்கள்.

பதிவாளர் குனிந்து, அப்பாவின் பெயரைச் சொல்லி, இந்தப் பெண்ணை மணமுடிக்கச் சட்டப்படி ஏதும் தடை உண்டா என்று மெதுவாகக் கேட்டார்.

அப்பாவின் உதடு அசைந்தது. இவ்வளவு காலமும் இங்கிலீசில் வேலைசெய்த மனிதருக்கு அந்த நேரம் தமிழ்தான் வந்தது.

"எனக்குக் கலியாணம் முடிஞ்சுது. மனுசி இருக்கிறா."

என்ன சொல்கிறார் என்று பதிவாளர் தர்சினியைக் கேட்டார்.

தடையில்லை என்கிறார் என்று சொன்னால் போதும். சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டது. அவள் பாலசுப்பிரமணியனைப் பார்த்தாள். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஹீ சே, ஹீ ஹாவ் வைஃப்," என்றாள் அம்மா.

சலவைக் கடையில் பழகிய இங்கிலீசு. அதைச் சொன்னபோது அவளுடைய முகம் இத்தனை நாளும் இல்லாதபடி மலர்ந்திருந்தது.

"இவவைத்தான் சொல்லுறார்! வேற ஒருத்தருமில்லை!" தர்சினி பதறிக்கொண்டு இங்கிலீசில் கொட்டினாள். பதிவாளர் தலையசைத்தார். தான் நம்புவதாகவும், ஆனால் சம்மதத்தை அவர் வாயால் கேட்டால்தான் எழுதலாம் என்றும் சொன்னார்.

அம்மா குனிந்து அப்பாவின் கன்னத்தைத் தடவினாள். "இஞ்சருங்கோ. அந்த மனுசி நான்தான். பிள்ளை ஆசைப்படுறாள். ஒருக்கா ஓம் எண்டு சொல்லுங்கோ."

அப்பா கண்ணைத் திறந்தார். அம்மாவைப் பார்த்தாரா, அவளுக்குப் பின்னாலிருந்த வெளிச்சத்தைப் பார்த்தாரா தெரியவில்லை.

"ஏலாது. தவம் என்னை ஏசுவா."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

பதிவாளர் போகவில்லை. தெளிவு வந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லி, வெளியே கதிரையில் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வாசுதேவன் ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டுக் கேட்டுப் புகைக்கப் போய்வந்தார். தர்சினி கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நடந்தாள். அப்பாவின் காதுக்குள், "அப்பா, ஓம் எண்டு சொல்லுங்கோ, ஒருக்கா," என்றாள். பிறகு, ஒரு வேலையை முடிக்கச்சொல்லி அவரை அவசரப்படுத்துகிறேனே என்று நினைத்து விலகி நின்றாள்.

அம்மா மட்டும் கதிரையை விட்டு எழும்பவேயில்லை. பொழுதுபடும் நேரம், "இங்கை வா," என்று மகளைக் கூப்பிட்டாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் தூரம் கூடிக்கொண்டே போனது. பிறகு அடுத்தது வரவில்லை.

நேர்ஸ் வந்து பார்த்துப் போனபின், பதிவாளர் திரையை விலக்கி உள்ளே வந்தார். அம்மாவின் முன்னால் வந்து நின்று, "மிஸிஸ் சிவானந்தன்," என்றார். உங்கள் கணவருக்காக மிகவும் வருந்துகிறேன் என்றார்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மகளிடம் திரும்பினாள்.

"அந்த மனுசன் மத்தியானம் துவக்கம் அதிலேயே இருக்கு. ஏதும் சாப்பிட்டதோ எண்டு கேள்."

அவர் நன்றி சொல்லி, ஒன்றும் வேண்டாம் என்றார்.

அவர் படியிறங்கிப் போனபின் தர்சினி ஜன்னலருகே போய் நின்றாள். வெளியே மழை பிடித்திருந்தது. வாசலில் பதிவாளர் தன் கோட்டைக் கழற்றிப் பதிவேட்டைச் சுற்றி நன்றாக மூடுவது தெரிந்தது. பிறகு அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சேட்டோடு நனைந்தபடி, எந்தக் கார் தன்னுடையது என்று தேடிப் போனார்.