புது யூனிட்டில் ஓர் இடம்

எண்ணெயிலும் எரிவாயுவிலும் ஓடும் எங்கள் பழைய மின்நிலையத்தை ஒட்டிப் புது யூனிட் கட்டப்போவதைத் தலைமைப் பொறியாளர் கூட்டத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். அங்கே வேலைக்குப் போக எனக்குக் கொள்ளை ஆசை. வயதாகிவிட்டது என்று சொல்லிவிட்டால் தாங்கமாட்டேன் என்றுதான் மாதக்கணக்கில் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அன்று மனம் கேட்காமல் தோழியின் காதில் கிசுகிசுத்தேன். "ஏன்டி, இந்தக் கிழவியையும் எடுப்பாங்களா?"

டர்பைன் இரைச்சலுக்கு மேல் கத்தியே பழகிய தொண்டை. கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஒளித்துவைத்த ஆசை நடுக்கூடத்தில் நிற்க, நான் கூசிப்போனேன்.

"ரகசியம் பேசுற லட்சணமாடி இது?" என்று தோழி தலையில் அடித்துக்கொண்டாள்.

பொறியாளர் சிரித்துவிட்டார். "அக்கா, நீங்க இல்லாமயா? பயிற்சிக்கு முதல் ஆள் நீங்கதான். ஆனா அங்க அவ்வளவு சத்தம் இருக்காது, மெதுவாப் பேசணும்."

"சரி சார்!" என்றேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.