வழுக்காத கிண்ணம்

பாபு பாதி முகத்தில் நுரையோடு வீட்டுக்குள் வந்தபோது ரஞ்சனி அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஒரு கன்னம் மழித்திருந்தது. மறு கன்னத்தில் சோப்பு காய்ந்து வெள்ளைப் பொருக்காக ஒட்டியிருந்தது. ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறான்.

"இன்னாய்யா இது? கடைக்காரன் பாதியில வுட்டுட்டானா?"

"நான்தான் எழுந்து வந்துட்டேன்."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. சலூனில் பக்கத்து நாற்காலியில் கம்பெனி சட்டை போட்ட ஒருவன் உட்கார்ந்திருந்தான். முன்பின் தெரியாத ஆள். கண்ணாடியில் பாபுவின் வலது கையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்கதான மொபைல் பாபு?" என்று கேட்டானாம். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்ததாம்.

ஜனவரி ஒன்பதாம் தேதி கம்பெனியில் தகடு அழுத்தும் நாலாம் நம்பர் பிரஸ் மெஷினில் சிக்கி அந்தக் கையின் நான்கு விரல்கள் போயின. கட்டைவிரல் மட்டும் மிச்சம். உள்ளே கை போனால் மெஷின் தானாக நிற்க வேண்டும். அதற்கு சென்சார் இருக்கிறது. அன்றைக்கு நிற்கவில்லை. ஆனால் சேஃப்டி ஆபீசர் வந்து சோதித்தபோது சென்சார் ஒழுங்காக வேலை செய்தது. 'மொபைல் பார்த்துக்கொண்டு கையை விட்டான்' என்று சூப்பர்வைசர் சண்முகசுந்தரம் எழுதிக் கொடுத்தார். மொபைல் லாக்கரில் இருந்தது என்று பாபு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

ரஞ்சனி அரிசியை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். அங்கே வாடகைக்கு இருந்த மாசானம் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கம்பெனியில் பாபு வேலை செய்த அதே லைன். விபத்துக்குப் பிறகு கேட்காமலே தண்ணீர்க் குடம் தூக்கித் தருவான், கேஸ் சிலிண்டர் தூக்கி வருவான். நல்ல பிள்ளை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவன் யூனிஃபார்மைத் துவைத்துக்கொண்டிருந்தான்.

"மொபைல் பாபுன்னு பேரு வச்சது யாரு?"

மாசானம் நிமிரவில்லை. "திங்கக்கிழமைதோறும் புது ஆளுகளுக்கு சேஃப்டி மீட்டிங் உண்டும்க்கா. அண்ணன் கை போட்டோவ ஸ்க்ரீன்ல போட்டு, 'இதான் மொபைல் பாபு கேஸ்'னு சண்முகசுந்தரம் சார் சொல்லுவாரு. எல்லாரும் சிரிப்பாவ."

"நீயும் சிரிச்சியா?"

குழாய்த் தண்ணீர் வாளியில் நிரம்பி வழிந்தது. பிறகு அவன் சொன்னான்:

"மெஷின் அடிக்கடி நிக்கு, பீஸ் கவுண்ட் வர மாட்டேங்குன்னு சாரு சென்சார் ஒயரைக் கழட்டி முறுக்கி விட்டிருந்தாருக்கா. அண்ணனைத் தூக்கிட்டுப் போன பெறவு, சேஃப்டி ஆளு வரதுக்குள்ள பழையபடி மாட்டச் சொன்னாரு. மாட்டுனது நான்தான்."

ரஞ்சனி அவன் கையிலிருந்த ஈரச்சட்டையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள்.

"ஏழு மாசமா என் வூட்டு மாடியில படுத்துக்கினு கீற. தூக்கம் வருதா?"

"வரலக்கா."

"வரக் கூடாது. நான் கூப்டற எடத்துக்கு வந்து, இத அப்படியே சொல்லணும். சொல்லுவியா?"

"சொல்லுதேன்."

பாபுவிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் "மாசானமா?" என்று மட்டும் கேட்டான்.

அதன் பிறகு அவன் சலூன் பக்கமே போகவில்லை. வீட்டிலேயே சவரம் செய்யப் பார்த்தான். டப்பாவை அழுத்தினால் வரும் நுரையை வலது உள்ளங்கையில் ஏந்தினால், தோல் ஒட்டுப்போட்ட இடம் தீயாக எரிந்தது. சரி, பிரஷ் வைத்துக் கலக்கலாம் என்றால், இடது கையில் பிரஷ். கிண்ணத்தைப் பிடிக்கக் கையில்லை. பிளாஸ்டிக் கிண்ணம் பிரஷ்ஷோடு சேர்ந்து சுற்றித் தரையில் விழுந்தது. மூன்றாவது முறை விழுந்தபோது அவன் அதைக் காலால் உதைத்தான். ரஞ்சனி பிரஷ்ஷையும் க்ரீமையும் பையில் போட்டுக்கொண்டு வாலாஜாபாத் பஸ் ஏறினாள்.

பாத்திரக் கடைக்காரர் கன்னியப்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். "இன்னாம்மா வேணும்?"

"சவரத்துக்கு நுரை கலக்கக் கிண்ணம். ஒத்தக் கையால கலக்கணும். கிண்ணம் நவுரக் கூடாது. கொஞ்சம் சுடுதண்ணி குடுங்க, பாத்துட்டு வாங்கறேன்."

வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு இடது கையால் பிரஷ்ஷைப் பிடித்தாள். முதலில் வந்த எவர்சில்வர் கிண்ணம் இரண்டாவது சுற்றிலேயே மேஜை ஓரத்துக்கு வழுக்கிப் போனது. பீங்கான் கோப்பை உயரம் அதிகம். பிரஷ் இடித்ததும் சாய்ந்தது. அடி கனத்த பித்தளைக் கிண்ணம் நகரவில்லை, ஆனால் உட்புறம் வழவழவென்று இருந்ததால் நுரையே எழும்பவில்லை. கன்னியப்பனுக்கும் இது சவாலாகிவிட்டது. உள்ளே போய் உப்பு போட்டு வைக்கும் குட்டிக் கல்சட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அகலமான வாய், உள்ளே லேசான சொரசொரப்பு. ரஞ்சனி வேகமாகச் சுற்றினாள். நுரை கெட்டியாகத் திரண்டு வந்தது. சட்டி இம்மியும் அசையவில்லை.

"இதுதான்," என்றாள்.

"வூட்டுக்காரருக்குக் கையில அடியா?"

"நாலு வெரல் இல்ல."

அவர் கல்சட்டியை நியூஸ்பேப்பரில் சுற்றும்போதுதான் பேர் வெட்டும் மெஷின் பக்கத்தில் அடுக்கியிருந்த கிண்ணங்களை அவள் பார்த்தாள். மேலே இருந்ததில் 'சண்முகசுந்தரம் – சுகப்பிரியா, புதுமனை புகுவிழா' என்று வெட்டியிருந்தது.

"இது எந்த சண்முகசுந்தரம்?"

"ஒரகடத்துல கம்பெனியில சூப்பர்வைசரு. ஸ்டேஷன் பக்கம் வூடு கட்டிக்கிறாரு. வர்ற ஞாயித்துக்கிழமை விசேஷம். தாம்பூலப் பையில போட இருநூறு கிண்ணம்."

இருநூறு வீட்டுச் சமையலறையில் அந்த ஆள் பெயர் மரியாதையாக உட்காரப் போகிறது. அவள் புருஷன் பெயர் திங்கட்கிழமைதோறும் சிரிப்பாய்ச் சிரிக்கிறது. ரஞ்சனிக்கு அந்த அடுக்கைக் காலால் தள்ளிவிட வேண்டும் போலிருந்தது. தள்ளவில்லை. மேஜை ஓரத்தில் கிடந்த எவர்சில்வர் கிண்ணத்தைக் காட்டினாள்.

"அந்த வழுக்கறதையும் குடுங்க. நானும் பரிசு குடுக்கணும். பேரு வெட்டணும்."

துண்டுச் சீட்டில் அவள் எழுதிக் கொடுத்ததைக் கன்னியப்பன் இரண்டு முறை படித்தார்.

"இது நெசமாம்மா?"

"ஆளக் கூட்டியாந்து கையக் காட்டட்டுமா?"

அவர் கிண்ணத்தைத் துடைத்து மெஷினில் வைத்தார். பிறகு மெஷினைப் போட்டார். "என் கடை பேர எங்கயும் சொல்லாத. எழுத்து சின்னதா வேணுமா, பெருசாவா?"

"கண்ணாடி போடாதவங்களும் படிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பாபு கல்சட்டியில் நுரை கலக்கித் தானே சவரம் செய்துகொண்டான். தாடையில் இரண்டு கீறல்கள் விழுந்தன. வெள்ளைச் சட்டை போட்டு, பொத்தான் போட அவளிடம் நின்றான்.

"போயே ஆவணுமா ரஞ்சனி?"

"போயே ஆவணும்."

புது வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் டிபன் பந்தி நடந்தது. லைன் ஆட்கள் பாதிப்பேர் வந்திருந்தார்கள்; ரஞ்சனி சொல்லி வைத்திருந்தபடி மாசானமும் அவர்களோடு நின்றான். முன்வரிசை நாற்காலியில் கம்பெனி மேனேஜர் ஜூஸ் தம்ளரோடு உட்கார்ந்திருந்தார். பாபுவைக் கண்டதும் சண்முகசுந்தரத்தின் சிரிப்பு ஒரு கணம் தடுக்கியது.

"அடடே, வா பாபு. உடம்பு பரவாயில்லயா?"

ரஞ்சனி அவரிடம் கிண்ணத்தை நீட்டவில்லை. பக்கத்தில் பட்டுப்புடவையில் நின்ற அவர் மனைவி சுகப்பிரியாவிடம் கொடுத்தாள். சுகப்பிரியா பள்ளிக்கூட டீச்சர். எழுத்தைக் கண்டால் வாய்விட்டுப் படிக்கிற பழக்கம்.

"பேரெல்லாம் வெட்டிக் கொண்டாந்திருக்கீங்களே... 'பிரஸ் நாலு. சென்சாரைக் கழற்றிவிட்டவர்...'"

நின்றுவிட்டாள்.

"முழுசா படிங்கக்கா," என்றாள் ரஞ்சனி.

"'...கழற்றிவிட்டவர் சண்முகசுந்தரம். நான்கு விரல் இழந்தவர் பாபு. ஜனவரி ஒன்பது.'" படித்து முடித்ததும் அவள் கிண்ணத்தைப் புருஷன் பக்கம் திருப்பினாள்.

சண்முகசுந்தரம் சத்தமாகச் சிரித்தார். "மொபைல் பாத்துக்கினு கைய வுட்டவன், பழிய எம்மேல போடறான். விசேஷ வீட்ல வந்து இன்னா இது?"

மேனேஜர் திரும்பினார். "என்ன அது?"

ரஞ்சனி மாசானத்தைப் பார்த்தாள். அவன் முன்னால் வந்தான். "நெசந்தான் சார். ஒயரு கழண்டுதான் கெடந்தது. இவரு சொல்லித்தான் நான் திரும்ப மாட்டுனேன். அண்ணன் கையில மொபைலே கெடையாது."

பந்தியில் சாம்பார் வாளியோடு போனவர் அப்படியே நின்றார். சுகப்பிரியா புருஷனைப் பார்த்து, "நெசமா?" என்றாள். "நீ உள்ள போ," என்றார் அவர். அவள் போகவில்லை. மேனேஜர் ஜூஸைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டு எழுந்தார். சண்முகசுந்தரத்தின் முகம் வெளுத்ததை ரஞ்சனி கண்ணிமைக்காமல் பார்த்தாள். அதற்காகத்தான் வந்திருந்தாள். பார்த்து முடித்ததும் பாபுவை அழைத்துக்கொண்டு, கை நனைக்காமல் வெளியேறினாள்.

புதன்கிழமை மாசானம் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஆபீசில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சண்முகசுந்தரம் இவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ரஞ்சனி உட்காரச் சொல்லவில்லை.

"தப்பு நடந்துபோச்சும்மா. மாசானத்த எழுதினத வாபஸ் வாங்கச் சொல்லு. என் பொண்டாட்டி எங்கூட பேசறதில்ல. எனக்கும் புள்ளைங்க இருக்கு."

"அவங்களுக்குப் பத்து வெரலும் இருக்குதில்ல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"திங்கக்கிழமை மீட்டிங்ல அதே போட்டோவப் போடுங்க. கழட்டினது யாருன்னு உங்க வாயால சொல்லுங்க."

"சொன்னா வாபஸ் வாங்கிடுவீங்களா?"

"மொதல்ல சொல்லுங்க. அப்பால பாக்கலாம்."

வாபஸ் வாங்கும் எண்ணம் அவளுக்கு எள்ளளவும் இல்லை. அதை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் கதவைச் சாத்தினாள்.

"அழுதுடுவான் போலருந்துச்சு," என்றான் பாபு.

"நீ ஆஸ்பத்திரில அழுதப்ப அவன் எங்கருந்தான்?"

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து மாசானம் வரும்வரை அவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"சொன்னானா?"

"சொன்னாருக்கா. மேனேஜரும் நின்னாரு. 'சென்சாரைக் கழட்டுனது நான். பாபு கையில மொபைல் இல்ல'ன்னாரு."

வாசலில் நின்ற பாபு சட்டென்று உள்ளே போய்விட்டான். அவன் மூக்கை உறிஞ்சுவது வெளியே கேட்டது.

"யாராவது சிரிச்சாங்களா?" என்று கேட்டாள் ரஞ்சனி.

"ஒருத்தரும் சிரிக்கலக்கா."

"கடைசி வரிசைக்குக் கேட்டுச்சா?"

மாசானம் தயங்கினான். "தலையக் குனிஞ்சுக்கிட்டு மெதுவாத்தான் சொன்னாரு. பின்னால உள்ளவங்களுக்குச் சரியா கேட்டிருக்காது."

ரஞ்சனி புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"அவன் நம்பரச் சொல்லு," என்றாள். "அடுத்த வாரம் மைக்கு புடிச்சு சொல்லட்டும்."