சீனி போடாத காப்பி

"மூச்ச உள்ள இழுட்டி."

கோகிலா இழுத்தாள். பேச்சித்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது கொக்கியை மாட்டினாள். மாட்டிய கையோடு முதல் கொக்கி கழன்றுகொண்டது. தையல்காரர் இரண்டு தடவை பிரித்துவிட்ட ஜாக்கெட். இனிப் பிரிக்க அதில் துணி இல்லை.

"யம்மா, மாத்திரைய எங்க வச்சிருக்க?"

"அவங்க வந்துட்டுப் போகட்டும், தாரேன்."

"அஞ்சு நாளா இதத்தான் சொல்லுத."

"அஞ்சு நாளையில முகம் எப்படி வத்தியிருக்குன்னு கண்ணாடியில பாரு."

முகம் வற்றவில்லை. தூக்கமில்லாமல் கண் உள்ளே போயிருந்தது. தாய்க்கு அது இளைத்ததாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பதினொரு மணிக்கு மேலநீலிதநல்லூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் மகளை எப்படியாவது ஒரு சுற்று குறைத்துவிட வேண்டும் என்று அவள் பாடுபட்டாள்.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போதுதான் கோகிலாவுக்கு அது வந்தது. ஆளில்லாத விடுதி அறையில் நாலு பேர் பேசினார்கள், நாலு பேரும் அவளையே பேசினார்கள். திருநெல்வேலி டாக்டரம்மா கொடுத்த ராத்திரி மாத்திரைதான் அவர்கள் வாயை மூடியது. அவள் படிப்பை முடித்தாள், ரதவீதியில் இ-சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், ஊர்ச்சனத்துக்கெல்லாம் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் எடுத்துக் கொடுத்தாள். புத்தியைத் திருப்பிக் கொடுத்த மாத்திரை கூடவே ஒரு பசியையும் கொண்டுவந்தது. ஐந்தாவது இட்லி தட்டில் இருக்கும்போதே ஆறாவதை நினைக்கிற பசி. ஆறு வருடத்தில் ஐம்பத்தொரு கிலோ எண்பத்து மூன்றாகிவிட்டது. போன வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை இருநூற்று அறுபது.

"இந்த மாத்திரை சிலருக்கு இப்படிச் செய்யும்மா. குடும்பத்துல சர்க்கரை இருந்தா இன்னும் வேகமா ஏறும்" என்றார் டாக்டரம்மா. "அதனாலதான் முதல் நாளே கேட்டேன். சர்க்கரை, மனநோய் ரெண்டும் எங்க வீட்டுல யாருக்கும் கிடையாதுன்னு உங்கப்பா சொன்னார். இருக்குன்னு சொல்லியிருந்தா நான் வேற மாத்திரையில தொடங்கியிருப்பேன்."

சர்க்கரைக்கு ஒரு மாத்திரையும் கூடவே ஒரு தாளும் கொடுத்தார். தாளில் தந்தை வழி, தாய் வழி என்று இரண்டு கட்டங்கள். திங்கட்கிழமை இதை நிரப்பிக்கொண்டு வா, பார்த்துவிட்டு மெதுவாக வேறு மாத்திரைக்கு மாற்றலாமா என்று முடிவு செய்வோம், அதுவரை நீயாக நிறுத்திவிடாதே என்று இரண்டு தடவை சொன்னார். இன்று ஞாயிற்றுக்கிழமை.

அப்பா ஆறுமுகச்சாமி அந்தத் தாளைப் படிக்காமலே மடித்துக் கொடுத்திருந்தார். "இதுல எழுத ஒண்ணுமில்ல. எங்க பரம்பரையில ஒரு நோய்நொடி கிடையாது. உங்கம்மா வழியில கேளு."

ஆறு வருடமாக அந்த வீட்டில் இதுதான் தீர்ப்பு. மகளுக்கு வந்தது தாய் வழிச் சீக்கு. பேச்சித்தாயும் அதைக் கேட்டுக் கேட்டு, தன் ரத்தத்தில்தான் ஏதோ கோளாறு என்று நம்பிவிட்டாள். வருடா வருடம் ஆடித் தபசுத் திருவிழாவில் கோமதியம்மனிடம் போய் அழுவதும் அதற்காகத்தான்.

அம்மா அடுப்படிக்குப் போனதும் கோகிலா தேட ஆரம்பித்தாள். ஓரிடத்தில் நிற்கக் கால் கேட்கவில்லை. அரிசி டின்னுக்குள் கையை விட்டாள், சாமி மாடத்தில் கோயில் புற்றுமண் பொட்டலங்களை நகர்த்தினாள், சேலை மடிப்புகளை உதறினாள். அடுப்படியில் குக்கர் விசிலடித்தது. விசில் நின்ற பிறகும் அதற்குள்ளிருந்து யாரோ "ஏட்டி" என்ற மாதிரி இருந்தது. அவள் அப்படியே நின்றாள். அது நிஜமான குரலில்லை என்று தெரிந்தது. நாளைக்கும் அப்படித் தெரியுமா என்றுதான் தெரியவில்லை.

கட்டிலுக்கடியில் அப்பாவின் டிரங்குப் பெட்டி. எப்போதும் பூட்டியிருக்கும். வருகிறவர்கள் முன்னால் தான் கட்டிக்கொள்ளப் புது வேட்டி எடுத்த அவசரத்தில் அவர் இன்று பூட்ட மறந்திருந்தார். அது பேச்சித்தாய்க்கு வசதியாகப் போயிற்று, இத்தனை நாள் வேறெங்கோ ஒளித்ததை இன்று காலை அதற்குள் மாற்றிவிட்டாள். மகள் தேடாத இடம் அது ஒன்றுதான். கைக்குட்டையில் சுற்றி மேலாகவே இருந்தது மாத்திரை அட்டை. இப்போது போட்டால் தூங்கி விழுந்துவிடுவாள். ராத்திரிக்கு ஆகும் என்று இடுப்பில் செருகிக்கொண்டு மூடியைச் சாத்தப் போனவள், அடியில் இன்னும் சில அட்டைகளைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த அட்டைதான். போன வாரம் டாக்டரம்மா சர்க்கரைக்குக் கொடுத்த அதே மாத்திரை.

அவற்றோடு ஒரு கத்தை மருந்துச் சீட்டு. எல்லாவற்றிலும் ஆறுமுகச்சாமி பெயர். அவற்றில் மிகப் பழையது பதினோரு வருடத்துக்கு முந்தியது. அதற்கும் அடியில், மஞ்சளாகிப்போன ஓர் ஆஸ்பத்திரி அட்டை: சொர்ணம், வயது இருபத்திரண்டு, மனநலப் பிரிவு. மஞ்சள் காமாலையில் செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட, அப்பாவோடு பிறந்த அத்தை. அட்டையிலிருந்த தேதி அப்பா அம்மா கல்யாணத்துக்கு முந்தின வருடம்.

கோகிலா எல்லாவற்றையும் அள்ளி எடுத்தாள். இத்தனையையும் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டா அந்த மனிதர் டாக்டர் முன்னால் ஒன்றுமில்லை என்று கை விரித்தார்? நேரே அடுப்படிக்குப் போய், ஒவ்வொன்றாக எடுத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

பேச்சித்தாய் அடுப்பை அணைத்தாள்.

"பல்லு கூசுதுன்னுல்லா சொன்னாரு" என்றாள். "பதினோரு வருசமா சீனி போடாம காப்பி ஆத்திக் குடுத்துக்கிட்டிருக்கேன். விருந்தாளி வந்தா மட்டும் எனக்கும் சீனி போட்டுக் கொண்டாம்பாரு. எதுக்குன்னு ஒரு நாளும் கேக்கல."

சொர்ணத்தின் அட்டையை அவள் திரும்பத் திரும்பத் தடவினாள். வாசலில் கார் வந்து நின்றது.

மாப்பிள்ளை பாண்டிராஜ் தலையைக் குனிந்து செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான். தனியாகப் பேச விட்டால் ராத்திரி மாத்திரையைப் பற்றி அவனிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று கோகிலா நினைத்திருந்தாள். பேச்சு அதுவரைக்கும் போகவில்லை. மாப்பிள்ளையின் தாய் அவளை மேலும் கீழும் ஒரு தடவை அளந்தாள்.

"பொண்ணு கொஞ்சம் பூசினாப்புல இருக்காளே."

"வீட்டுச் சாப்பாடு, வேற ஒண்ணுமில்ல" என்று ஆறுமுகச்சாமி சிரித்தார். "எங்க பரம்பரையில மாத்திரைன்னு ஒண்ணத் தொட்டவங்க கிடையாது. இந்த உடம்புவாகு இவ அம்மா வழி."

அடுப்படி வாசலில் நின்ற பேச்சித்தாயை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளோ விறகுச் சுள்ளி கணக்காய் இருந்தாள்.

"அதுதான் வேணும் அண்ணாச்சி" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார் சங்கரநாராயணன். "நமக்கு நகை நட்டு ரெண்டாம் பட்சம். ரத்தம் சுத்தமா இருக்கணும்." நீட்டிய லட்டுத் தட்டை அவர் கையால் தள்ளிவிட்டார். "இனிப்பு வேண்டாம், பல்லு கூசுது."

கோகிலாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. குனிந்துகொண்டாள்.

பேச்சித்தாய் காப்பித் தட்டோடு வந்தாள். வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, தனியாக வைத்திருந்த ஒரு தம்ளரைப் புருஷன் முன்னால் வைத்தாள்.

"இது உங்களுக்கு. சீனி போடல. பதினோரு வருசமா உங்களுக்குச் சர்க்கரை இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நான் பல்லுக் கூச்சம்னுல்லா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அவள் குரல் உயரவில்லை. பருப்பு விலை சொல்கிற மாதிரி சொன்னாள். ஆறுமுகச்சாமியின் முகம் சுண்டிவிட்டது. அவர் தம்ளரைத் தொடவில்லை. சங்கரநாராயணனின் கை, தன் காப்பியை விட்டுவிட்டு, அந்தத் தம்ளரை எடுத்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். அவர் மனைவி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்குப் போய்த் தகவல் சொல்லுதோம்" என்று எழுந்துகொண்டார்கள்.

கார் ஊரைத் தாண்டியிருக்காது, தரகர் துரைப்பாண்டியிடமிருந்து போன் வந்துவிட்டது. பரம்பரையில் சர்க்கரை உள்ள வீட்டில் பெண் எடுக்க மாட்டார்களாம்.

"கெடுத்திட்டியே" என்று ஆறுமுகச்சாமி போனைக் கட்டிலில் வீசினார். "ஒத்த வார்த்தையில எல்லாத்தையும் கெடுத்திட்டியே."

பேச்சித்தாய் மகள் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, அந்த டாக்டர் தாள எடு. நான் சொல்லுதேன், எழுதிக்கோ."

கோகிலா பேனாவோடு தரையில் உட்கார்ந்தாள். கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, தாள் முழங்காலில் நிற்கவில்லை. பேச்சித்தாய் பக்கத்தில் உட்கார்ந்து அந்த முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவுக்குச் சர்க்கரை, பதினோரு வருசம். அத்தை சொர்ணத்துக்கு உனக்கு வந்ததே வந்திருக்கு, இருபத்திரண்டு வயசுல. எழுதிட்டியா?"

"இதெல்லாம் எழுதிக் குடுத்தா நாளைக்கு எவன் இவள எடுப்பான்?" என்று கத்தினார் ஆறுமுகச்சாமி.

"எடுக்கதுக்கு மொதல்ல பொண்ணு இருக்கணும்லா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். டிரங்குப் பெட்டி திறந்தபடியே கிடந்தது.

தாய் வழிக் கட்டம் காலியாக இருந்தது. கோகிலா அதில் ஒன்றுமில்லை என்று ஒரு கோடு போட்டுவிட்டுத் தாளை மடிக்கப் போனாள். ஆறு வருடம் ஏச்சு வாங்கியவளுக்கு அந்த ஒரு கோடாவது கிடைக்கட்டும் என்று நினைத்தாள்.

பேச்சித்தாய் அவள் கையைப் பிடித்தாள். "பொறு. எங்கய்யாவுக்கு, உந்தாத்தாவுக்கு, கடைசியில கால்ல புண்ணு ஆறாமலே கெடந்துச்சு. சர்க்கரைன்னுதான் சொன்னாங்க. அதையும் எழுது மக்கா."