அவர் சொன்னபடியே கட்டிய பை

என் கணவருக்குத் தன் பையைத் தானே கட்டிப் பழக்கமில்லை. கட்டிலில் துணிகளைக் குவித்துவிட்டு, நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "இது, அது" என்று விரல் நீட்டுவார். கட்டுவது நான். கட்டிய பையைத் திறந்து பார்க்கும் வழக்கமும் அவருக்கு இல்லை.

இருபது வருஷமாக அந்தச் சோம்பேறித்தனம்தான் அவரைக் காப்பாற்றி வந்தது. நான் தையல்காரி. எந்தத் துணி எத்தனை நேரத்தில் காயும் என்பது தொட்டாலே தெரியும். அவர் ஜீன்ஸைக் காட்டுவார். நான் தலையாட்டிவிட்டு, மழைக்காட்டிலும் சீக்கிரம் காய்கிற மெல்லிய கால்சட்டையை வைப்பேன். வெள்ளைச் சட்டையைக் காட்டுவார். சேறு தெரியாத பழுப்புச் சட்டை உள்ளே போகும். காட்டில் இறங்கியதும், "பை கட்டுறது ஒரு கலைங்க" என்று கூட வந்தவர்களிடம் பீற்றிக்கொள்வார். நானும் பக்கத்தில் நின்று சிரித்துத் தொலைப்பேன்.

போன மழைக்காலத்தில் போன காட்டில்தான் அந்தத் தவளையைப் பார்த்தேன். நாலு மணி நேரம் மழையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தொண்டை பலூனாக உப்பி அது கத்திய நொடியில் படம் எடுத்தேன். அவர் மரத்தடியில் நீல மழைக்கோட்டுக்குள் சுருண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அந்த ஒரு படத்தை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கேமரா கார்டு என் நூல் டப்பாவுக்குள் போனது.

அந்தப் படத்தை அவர் தன் பெயரில் போட்டிக்கு அனுப்பியது, முதல் பரிசு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். பரிசு, காட்டு விடுதியில் ஒரு வாரம் தங்கல், ஒருவருக்கு மட்டும்; பரிசளிப்பு விழாவும் அங்கேதான்.

"அது நான் எடுத்த படம்ங்க," என்றேன்.

"அதுக்கென்ன இப்போ? எனக்கும் உனக்கும் என்ன வேற வேறயா?"

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் என்னுடையது, கையும் என்னுடையது. அந்தப் படத்துக்கு அடியில் என் பெயர் வராமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டில் முழுக்கத் துணி.

"ஜீன்ஸ் மூணு வை."

வைத்தேன்.

"வெள்ளைச் சட்டைங்க எல்லாத்தையும் வை. மேடையில எடுப்பா இருக்கும்."

இஸ்திரி போட்டு வைத்தேன். காலைக் கடிக்கும் புது லெதர் ஷூவையும் வைத்தேன். பூச்சிகளுக்குப் பத்திரிகை அடித்து அழைப்பது மாதிரி ஒரு சென்ட் பாட்டில், அதையும் வைத்தேன். அட்டைப்பூச்சி ஏறாமல் முழங்கால்வரை இறுக்கிக் கட்டும் காலுறைகள், நானே தைத்தவை, அலமாரியிலேயே இருந்தன. அவர் கேட்கவில்லை, நான் எடுக்கவில்லை.

"இன்னைக்கு என்ன, இவ்வளவு பவ்வியமா வைக்கிற?"

"ஜெயிச்சவர் சொன்னா சரியாத்தானே இருக்கும்."

மனுஷருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்புறம், ஒரிஜினல் கார்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்காங்க. பரிசு குடுக்குறப்போ பெரிய திரையில போடுவாங்களாம். எடுத்து வச்சிடு."

"அதுல மத்த படமும் இருக்கு. நீங்க ஒரு தடவை பாத்துட்டா..."

"தவளைதானே? எல்லாம் தவளைதானே? வை, வை."

தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஈரம் படாதபடி இரண்டு உறைகளுக்குள் கார்டைப் போட்டு வைத்தேன். அந்தப் பையில் நான் அக்கறையாக வைத்த ஒரே பொருள் அதுதான்.

அதில் முப்பது படங்களில் தவளை. நடுநடுவே, காத்திருந்த சலிப்பில் நான் எடுத்த எட்டுப் படங்கள்: நீல மழைக்கோட்டு, திறந்த வாய், வழியும் எச்சில். பரிசு வாங்கிய படத்துக்கு முந்தையதிலும் அவர் தூங்குகிறார், பிந்தையதிலும் தூங்குகிறார். ஒவ்வொன்றின் மூலையிலும் மணியும் நிமிஷமும் தெளிவாக இருந்தன.

அவர் போன மூன்றாம் நாள் சாயங்காலம், கடையில் ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"கார்டுல என்னடி வச்சு அனுப்பியிருக்க? மொத்தக் கூட்டமும் சிரிக்குது! ஜீன்ஸ் காயவேயில்ல, காலெல்லாம் அட்டை..."

"நீங்க சொன்னதைத்தாங்க வச்சேன்."

"படம் யாரு எடுத்ததுன்னு கேக்குறாங்க." குரல் இறங்கியது. "நான் என்ன சொல்லட்டும்?"

"தூக்கத்துல எடுத்தேன்னு சொல்லுங்க."

போன் கைமாறியது. ஒரு பெண் குரல்: "நான் போட்டி நடுவர் பேசுறேம்மா. தவளையைப் படம் எடுத்தது நீங்களா?"

"ஆமா. நான்தான்."

"படத்துக்கு அடியில உங்க பேரைப் போட்டுடுறோம். மிச்ச நாளுக்கு அறை உங்களுக்குத்தான். அவர் திரும்பிப் போக வண்டி சனிக்கிழமைதான் இருக்கு, அதுவரைக்கும் வெளியில கூடாரத்துல படுத்துக்கட்டும். நாளைக்குக் கிளம்ப முடியுமா? பை கட்டணுமே?"

மெஷினுக்கு அடியில் காலை நீட்டினேன். ஞாயிற்றுக்கிழமையே கட்டி வைத்த என் பை பாதத்தில் இடித்தது.

"கட்டியாச்சும்மா. போனை அவர்கிட்ட குடுங்க."

அவர் கெஞ்சலாகப் பேசினார். "வர்றப்போ அந்தக் காலுறையாவது எடுத்துட்டு வா. அட்டை தாங்க முடியல."

"ரெண்டு ஜோடி கொண்டு வர்றேங்க," என்றேன். "ரெண்டையும் நானே போட்டுக்குவேன். எனக்கும் உங்களுக்கும் என்ன வேற வேறயா?"