நாற்காலி தேடிப் போன ரத்தம்

துணிக்கடையின் இரண்டாம் மாடியில் பதினோரு வருடம் நின்று வேலை பார்த்தவளின் இடது கணுக்காலிலிருந்து, சுண்டுவிரல் தடிமனில் ஒரு நீல ரத்தக்குழாய் தரையில் இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு. தள்ளுபடி விற்பனையின் மூன்றாம் நாள் என்பதால் அதைக் குனிந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. அவளை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள்; ஏணி போடாமலே மேல்தட்டுத் துணிக்கட்டை இறக்கிவிடுவாள். வாங்க ஆள் வராத நேரத்திலும் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது என்பது கடையின் சட்டம். அவள் கணவன் பேருந்து ஓட்டுபவன், நாளெல்லாம் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போனவன். ஆகவே வீட்டில் அவன் நின்றுகொண்டு சாப்பிடுவான், அவள் காலைத் தலையணைமேல் போட்டுக்கொண்டு சாப்பிடுவாள். இதில் அவர்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

கால் நரம்பு சுருண்டு புடைத்தபோதே அவள் டாக்டரம்மாவிடம் போயிருந்தாள். "இதயம் தள்ளிவிடுற ரத்தம் கால் வரைக்கும் சுலபமா வந்துடும்மா. திரும்ப மேல ஏறுறதுதான் பெரும்பாடு," என்றார் அவர். நடக்கும்போது கெண்டைச்சதை குழாயைப் பிழிந்து ரத்தத்தை மேலே ஏற்றும். ஏறியது கீழே விழாதபடி உள்ளே சின்னச் சின்னக் கதவுகள் மூடிக்கொள்ளும். ஒரே இடத்தில் நின்றால் பிழிவதற்கு ஆளில்லை. ரத்தம் தேங்கித் தேங்கிக் கதவுகள் கெட்டுப்போகும். "அப்புறம் அந்த ரத்தம் என்ன பண்ணும்?" என்று நெட்டை கேட்டாள். "வேற வழி பாத்துக்கும்," என்றவர், அடிக்கடி உட்காரவும் நடக்கவும் விட வேண்டும் என்று சீட்டெழுதிக் கொடுத்தார். கடை மேலாளர் அதை இரண்டுமுறை படித்து, நாலாக மடித்து, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

ரத்தம் வேறு வழி பார்த்துக்கொண்டது. புதன்கிழமை குழாய் தூணைச் சுற்றியது. வெள்ளிக்கிழமைக்குள் படிக்கட்டுக் கைப்பிடியைப் பற்றி மூன்றாம் மாடிக்கு ஏறி, அந்தக் கடையிலேயே வேலை நேரத்தில் ஒருவர் உட்காரக்கூடிய ஒரே நாற்காலியான முதலாளியின் நாற்காலியை நான்கு சுற்றுச் சுற்றி, லிஃப்டு ஓரமாக இறங்கி அவள் வலது தொடையில் போய்ச் சேர்ந்தது. எங்கே சுற்றினாலும் இதயத்துக்குத் திரும்பியாக வேண்டும் என்பதை அது மறக்கவில்லை. கடை மூடும் நேரத்தில் தானாகக் கழன்றுகொண்டது. காலையில் அவள் வந்து நின்றதும் தானாகப் பொருந்திக்கொண்டது. ஒரு சொட்டு சிந்தியதில்லை. அதற்குள் முளைத்திருந்த புதுக் கதவுகள் திறந்து மூடும் சத்தம், கூட்டம் குறைந்த மதிய நேரங்களில் மூன்று மாடிக்கும் கேட்டது.

முதலாளியால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. யாரோ ஒருவருடைய மடியில் தான் உட்கார்ந்த மாதிரி கதகதவென்று இருந்தது. சனிக்கிழமை அவர் கீழே இறங்கி வந்து, கண்ணாடிக்குப் பின்னால் புடவை கட்டி நின்ற பொம்மைகளைக் காட்டினார். "இதுங்க நிக்கலையா? வருஷக்கணக்கா நிக்குது, ஒரு வார்த்தை பேசுதா?"

"அதுங்களுக்கு ரத்தம் ஓடல முதலாளி. எங்களுக்கு ஓடுது," என்ற நெட்டை, நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பயமில்லாமல் இல்லை. நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் மூன்று மாடிக் குழாயும் துள்ளியது. அவளைப் பார்த்து ஒருத்தி உட்கார்ந்தாள், பிறகு இன்னொருத்தி. சற்று நேரத்தில் இருபத்து மூன்று பெண்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

குழாயை வெட்டும்படி முதலாளி உத்தரவிட்டார். மேலாளர் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலோடு குனிந்தார்.

"வெட்டுங்க சார்," என்றாள் நெட்டை. "உள்ள ஓடுறது என்னோடது. வெட்டுறவர் மூஞ்சிய மட்டும் நான் பாத்து வச்சுக்கிறேன்."

மேலாளர் குழாயைத் தொட்டார். அது உயிரோடு சூடாக இருந்தது. பத்தொன்பது வருடமாக அந்தத் தளத்தில் நின்று மற்றவர்களையும் நிற்கவைத்தவர், கத்தரிக்கோலைத் தரையில் வைத்துவிட்டுத் தன் கால்சட்டையைச் சற்றே உயர்த்தினார். அவர் கணுக்காலிலும் ஒரு நீலக் குழாய் காலணிவரை தொங்கிக்கொண்டிருந்தது. "எனக்கு போன மாசமே இறங்கிடுச்சு," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு அவளருகில் உட்கார்ந்தார்.

அடுத்த ஆறு நாளும் அவர்கள் உட்கார்ந்தபடியே துணியை விரித்துக் காட்டினார்கள். வாங்க வந்தவர்களும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வழக்கத்தைவிட நிதானமாகத் தேர்ந்தெடுத்தார்கள். மேலே முதலாளி தன் அறையில் நின்றுகொண்டே இருந்தார். ஏழாம் நாள் காலையில் வீங்கிய கால் காலணிக்குள் நுழையவில்லை. வெறுங்காலோடு வந்தவர் இருபத்து நான்கு முக்காலிகளுக்குச் சொல்லியனுப்பினார். கூடவே தனக்கு ஒரு புது நாற்காலிக்கும்.

முக்காலிகள் வந்த பிறகும் குழாய் திரும்பிப் போகவில்லை. நெட்டையும் போகச் சொல்லவில்லை. வெள்ளையடிக்க வந்தவர்கள் அதன்மேல் ஒரு துளி படாமல் அடித்துவிட்டுப் போனார்கள். மறுவருடம் கட்டடத்தைச் சோதிக்க வந்த அதிகாரி, தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்து, தூணருகே நின்று, இது எந்த இலாகாவைச் சேர்ந்தது என்று கேட்டார்.

"என்னோடது. நல்லா ஓடுது, எழுதிக்கோங்க," என்றாள் நெட்டை, எழுந்திருக்காமல். அவர் எழுதிக்கொண்டு அடுத்த மாடிக்குப் போனார்.