எழுத்து முடிந்து பறந்த ட்ரோன்

என் மகன் ராகுலனின் எழுத்துக்கு வானத்திலிருந்து படம் எடுப்போம் என்று பெண் வீட்டாரிடம் வாக்குக் கொடுத்தவன் நான்தான். எங்கள் ஆட்கள் எழுத்து என்று சொல்வது கலியாணப் பதிவை. இடம், சாப்பாடு, அலங்காரம் எல்லாவற்றையும் பெண் கோபிகாவின் தகப்பன் தம்பிமுத்து தன் தலையில் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை பகுதி வெறுங்கையோடு போய் நிற்க முடியுமா? "படம் எங்கட பக்கம்," என்று சொல்லிவிட்டேன். பத்மநாதன் சொன்னால் சொன்னதுதான்.

ராகுலன் வாங்கி வந்த ட்ரோன் ஒரு சோற்றுப் பார்சல் அளவுதான் இருந்தது. ஆனாலும் கால் கிலோவுக்கு மேல் நிறையிருந்தால் கனடா அரசாங்கத்திடம் பதிய வேண்டும், அவர்கள் தரும் இலக்கத்தை அதன் உடம்பில் எழுத வேண்டும் என்றான்.

"என்ரை பேரிலை பதி," என்றேன்.

ஸ்காபரோ மல்வேர்னில் இந்த வீடு என் பெயரில். இரண்டு கார்களும் என் பெயரில். வீட்டுக்குள் வரும் பெரிய பொருள் வீட்டுப் பெரியவரின் பெயரில் இருப்பதுதான் முறை. இலக்கத்தை நானே கறுப்புப் பேனையால், மேற்கோடு கீழ்க்கோடு தவறாமல் எழுதினேன். பதிவுத் தாளை பிரின்ட் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டுவைத்தேன்.

"அப்பா, பறக்க விடுறதுக்கும் ஏதோ ரூல்ஸ் இருக்கு. கோபிகாவை ஒருக்காக் கேப்பமே?"

"எங்கட பக்கத்து வேலைக்குப் பொம்பிளை வீட்டிலை போய் யோசினை கேக்கிறதோ? உனக்கென்ன விசரே?"

"இல்லையப்பா, அவ வந்து—"

"கதையாதை."

"பொடியன் சொல்லுறதை முடிக்க விடுங்கோவன்," என்று சமைத்துக்கொண்டே குசினிக்குள்ளிருந்து என் மனைவி ஜெயமலர் சத்தம் போட்டாள். நான் விடவில்லை.

தம்பிமுத்துவின் வீடு ஸ்காபரோவிலிருந்து வடக்கே, அக்ஸ்பிரிட்ஜ் பக்கம். பெரிய வளவு. மேப்பிள் மரங்கள் நிறம் மாறத் தொடங்கிய காலம். நாங்கள் தட்டங்களோடு வாகனத்திலிருந்து இறங்கி வரிசையில் நின்றோம். நாங்கள் நடந்து போவதை மேலிருந்து எடுப்பதாக ஏற்பாடு. வங்கியில் வேலை செய்யும் என் தங்கை மகன் மிதுனன் ட்ரோனைப் புல்லில் வைத்தான்.

சந்தனக் கும்பாவோடு எங்களை வரவேற்க வந்த தம்பிமுத்து அதைக் குனிந்து பார்த்தார். மட்டக்களப்புக்காரர். எதையும் சிரித்துக்கொண்டே கேட்பார்.

"ஆர் அண்ணன் பறக்க விடுறது?"

"என்ரை மருமகன்."

"லைசன்ஸ் இருக்கா?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். உறையை எடுத்து நீட்டினேன். அவர் கண்ணாடியை உயர்த்தி முழுவதும் வாசித்தார்.

"இது ட்ரோன்ட பேப்பர் அண்ணன். தம்பிட பேப்பர் எங்க?"

"அதுதான் என்ரை பேரிலை இருக்கே. என்ரை காரை இவன் ஓடுறேல்லையே?"

"ஓடுறார்தான். அவர்ட லைசன்ஸ் அவர்ட பொக்கற்றில கிடக்கே! சோதினை எழுதித்தானே எடுத்தவர். இதுக்கும் சோதினை இருக்கு."

நான் மிதுனனைப் பார்த்தேன். அவன் சப்பாத்தைப் பார்த்தான்.

"யூரியூப் பாத்தனான் மாமா," என்றான். பெண் வீட்டு வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

"சின்னச் சாமான்தானே அண்ணை, உந்தக் காட்டுக்கை ஆர் வந்து பாக்கப் போகினம்?" என்றாள் என் தங்கை குணவதி.

"நான் பாப்பன். பெட்டிக்குள்ளை வை, மிதுனன்."

களவாகப் பறக்க விட்டு எடுத்த படத்தை என் வீட்டுச் சுவரில் மாட்ட முடியாது. ஆனால் கொடுத்த வாக்கு?

"கவலைப்படாதீங்க அண்ணன்," என்றார் தம்பிமுத்து. "எங்கட கோபிகாக்கிட்ட பெரிய சேட்டிபிக்கற்றே இருக்கு. மாடிக் கட்டடங்கள்ற கூரையெல்லாம் ட்ரோன் விட்டுத்தான் பாக்கிற. அதுதானே அவட வேலை. உங்கட மகனுக்குத் தெரியுமே!" பிறகு குரலை இன்னும் இனிமையாக்கினார். "படத்தையும் எங்கட பக்கமே எடுத்திருவமே?"

பட்டு வேட்டியோடு நின்ற ராகுலன் மெதுவாக, "சொல்ல வெளிக்கிட்டனான் அப்பா," என்றான்.

வீடு அவர்களுடையது. சாப்பாடு அவர்களுடையது. படமும் போய்விட்டால், மாப்பிள்ளை பகுதி தட்டத்தோடு வந்து தட்டத்தோடு போனது என்று ஊர் சொல்லும்.

"எழுத்துக்கு எப்ப நல்ல நேரம்?"

"இப்ப தொடங்கப் போகுது."

"அப்ப படம் எழுத்துக்குப் பிறகு."

"ஏன் அண்ணன்? இப்ப வெளிச்சம் நல்லாக் கிடக்கே."

"இப்ப அவ உங்கட மகள். கையெழுத்து வைச்சாப் பிறகு என்ரை மருமகள். என்ரை பேரிலை இருக்கிற ட்ரோனை என்ரை மருமகள் பறக்க விடுவா. படம் எங்கட பக்கம்."

தம்பிமுத்து சந்தனம் சிந்தச் சிந்தச் சிரித்தார். "நீங்க லோயராப் போயிருக்க வேணும் அண்ணன்!"

பதிவு செய்ய வந்த றிச்சர்ட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லோரும் ஏன் இப்படி அவசரப்படுகிறார்கள் என்று பார்த்தார். ராகுலன் கையெழுத்து வைத்தான், கோபிகா வைத்தாள், சாட்சியாக நான் வைத்தேன். மோதிரம் இருந்த தட்டத்திலேயே வெற்றிலை, பூவுக்கு நடுவில் ட்ரோனை இயக்கும் கொன்ற்றோலரை வைத்து ஜெயமலர் மருமகளிடம் நீட்டினாள். கோபிகா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினாள்.

அதோடு அந்த அடக்கம் முடிந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். ட்ரோனின் விசிறிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். காற்றைப் பார்த்தாள்.

"மாமா, எல்லாரையும் கூட்டிக்கொண்டு அந்த மேப்பிள் மரத்தடிக்குப் போங்கோ."

"தலைக்கு மேலை நிண்டு எடுத்தாத்தானே பிள்ளை முகம் தெரியும்?"

"நோ மாமா. ஆக்களுக்கு மேலாலை விடமாட்டன். முப்பது மீற்றர் தள்ளித்தான்."

"நான் சொல்லுறது என்னெண்டால்—"

"மாமா, பிளீஸ். பின்னுக்கு. இன்னும். இன்னும் கொஞ்சம்."

என் வீட்டில் என்னோடு யாரும் இப்படிக் கதைப்பதில்லை. பின்னால் போனேன். பக்கத்தில் தம்பிமுத்துவும் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"வீட்டிலயும் இப்பிடித்தான் அண்ணன்," என்றார் காதுக்குள். "இனி உங்கட பக்கம்."

அந்தப் படம் இப்போது எங்கள் ஹோல் சுவரில் தொங்குகிறது. செம்மஞ்சள் மரங்களின் கீழே இரண்டு குடும்பமும் அண்ணாந்து சிரிக்கிறோம். தள்ளி, புல்லில், சிவப்புச் சேலையில் தனியே நிற்கிற கோபிகா மட்டும் சிரிக்காமல் ட்ரோனையே உற்றுப் பார்க்கிறாள். அது கண்பார்வையை விட்டு விலகக்கூடாது என்பதும் சட்டமாம். யார் எடுத்தது என்று வருகிறவர்கள் கேட்பார்கள். "எங்கட மருமகள்," என்பேன்.

ட்ரோன் இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. சொந்தக்காரனிடம் சான்றிதழ் இல்லாமல் இருப்பது அழகல்ல என்று அடிப்படைப் பரீட்சையை நானும் எழுதினேன். உதவிக்கு வந்த கோபிகாவை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டே எழுதினேன். சித்தியடைந்த சான்றிதழ் படத்துக்குக் கீழே, நல்ல மரச் சட்டத்துக்குள் இருக்கிறது. எத்தனையாம் தடவையில் சித்தியடைந்தேன் என்பது இந்த வீட்டு விஷயம். அது அக்ஸ்பிரிட்ஜ் வரை போக வேண்டியதில்லை என்று கோபிகாவிடம் சொல்லியிருக்கிறேன். அவளும் இப்போது எங்கள் பக்கம்தானே.